பிரிக்ஃபீல்ட்ஸில் மண் அழுத கதை

ஞாயிற்றுக்கிழமையானால் போதும், பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்புக்குப் பின்னால் திருவிழாக் கூட்டம். கிள்ளானிலிருந்து ரயிலேறி வந்தவன், தோட்டத்திலிருந்து மாட்டு வண்டியில் வந்தவன், எல்லார் கையிலும் ஒரு மண் பொட்டலம். நில வழக்குக்கு வக்கீல் எதற்கு? மண்ணையே சாட்சி சொல்ல வைக்கிறாரே பூமிநாதச் சாமியார்! வழக்கு நிலத்து மண்ணைத் திருநீறு பூசிய தட்டில் தூவி, மஞ்சள் தீர்த்தம் ஊற்றினால் மண் இரத்தக் கண்ணீர் விடும். உண்மையான சொந்தக்காரனுக்கு மட்டும்தான் விடுமாம். இதுவரை வந்த அத்தனை பேருக்கும் விட்டிருக்கிறது. இந்த நாட்டில் பொய் வழக்குக்காரனே கிடையாது போலும்!

ரயில் பட்டறைத் தொழிலாளி பக்கிரிசாமியும் அந்தப் பக்தர்களில் ஒருவன். பதினொரு வருஷம் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி, டெங்கிலில் இரண்டு ஏக்கர் ரப்பர் நிலம் வாங்கினான். விற்ற ரெங்கசாமி அதே நிலத்தை இன்னொருவனுக்கும் விற்றான். பக்கிரிசாமி வழக்குப் போட்டான். சாமியாரிடம் போகச் சொன்னது யார் தெரியுமா? அந்த ரெங்கசாமியேதான்!

"எனக்கும் மனசு கேக்கலண்ணே. நியாயம் யார் பக்கம்னு மண்ணே சொல்லட்டும்" என்றானாம். எதிராளியின் பெருந்தன்மையில் உருகிப்போனான் நம் அறிவாளி.

முதல் வாரமே மண் அழுதது. "ஜெயம் உனக்குத்தான். ஆனா கோர்ட்டு வாசப்படிய மிதிக்காதே. பூமாதேவி கோவிச்சுக்குவா. அடுத்த ஞாயிறு மறுபடி மண்ணு கொண்டா" என்றார் சாமியார். விசாரணையோ அதற்கு மறுநாள், திங்கட்கிழமை.

வீட்டில் இதைக் கேட்ட மனைவி நல்லம்மாள், "மஞ்சத் தண்ணி ஊத்தினதும் செவந்துச்சாக்கும்?" என்றாள். "இந்தத் தடவ மண்ண நானே கொண்டாரேன். நானும் வரேன்."

டெங்கில் அலைச்சல் மிச்சம் என்று பக்கிரிசாமி மகிழ்ந்தான்.

ஞாயிறன்று அவள் கொடுத்த மண்ணைச் சாமியார் தூவினார். தீர்த்தம் ஊற்றினார். தட்டு சிவந்தது. கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

"பாரு! உன் நிலம் உன்னத் தேடி அழுவுது!"

"எந்த நிலம் சாமி?" என்றாள் நல்லம்மாள்.

"டெங்கில் நிலம்தான்!"

"இது போலீஸ் ஸ்டேசன் வாசல்ல அள்ளினது சாமி."

"அப்ப ஸ்டேசனையும் பக்கிரிசாமி பேருக்கு எழுதிட வேண்டியதுதான்லா!" என்றான் ஒருவன். சிரிப்பு வெடித்தது.

நல்லம்மாள் விடவில்லை. மண்ணே போடாத இன்னொரு தட்டை இழுத்து, தீர்த்தத்தை ஊற்றினாள். அதுவும் சிவந்தது.

"திருநீறாம்! பூசியிருக்கிறது சுண்ணாம்பு. மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தா ஆரத்தி. இதுகூடவா தெரியாது உங்களுக்கு?"

எப்படித் தெரியும்? கூட்டத்தில் முக்கால்வாசி, பெண்டாட்டியைக் கடலுக்கு அந்தப் பக்கம் ஊரிலேயே விட்டுவந்தவர்கள். மீதிப் பேர் ஆரத்தி எடுத்தால் நெற்றியை நீட்டியதோடு சரி, கரைத்தா பார்த்தார்கள்?

"வழக்குப் போட்டவன் கோர்ட்டுக்குப் போகலேன்னா கேசு தள்ளுபடி. அதுல யாருக்கு லாபம்? சொல்லுங்க சாமி!"

நாலு பேர் எழுந்து சட்டைக் கையை மடித்தார்கள். சாமியாருக்கு உடனே ஞானம் பிறந்தது. "அடிக்காதீங்கண்ணே! ரெங்கசாமிதான் அப்படிச் சொல்லச் சொன்னான்!"

பக்கிரிசாமிக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட, பதினொரு வருஷ உழைப்பு நாளைக் காலையில் போயிருக்குமே என்ற நினைப்பு, பத்திரத்தை எடுக்க அவனை வீட்டுக்கு ஓட வைத்தது.

திங்கட்கிழமை ரெங்கசாமி புதுக் கோட்டுப் போட்டுக்கொண்டு கோர்ட்டுக்கு வந்தான். பத்திரமும் கையுமாக நின்ற பக்கிரிசாமியைப் பார்த்ததும் அவனுக்கு வேர்த்துக் கொட்டியது. இரண்டு பத்திரத்தில் பக்கிரிசாமியுடையதன் தேதியே முந்தியது. நிலம் பக்கிரிசாமிக்கே என்று தீர்ப்பாயிற்று.

கோர்ட்டு வாசலில், முந்தின நாள் சட்டைக் கையை மடித்த நால்வரில் ஒருவன் பக்கிரிசாமியை ஓரமாக அழைத்தான். "அண்ணே, செலாயாங்ல ஒரு சாமி இருக்காராம். அவரு நெசமான சாமியாம். என் கேசுக்கு அங்க போகலாமா?"

மண்ணுக்கு மூளை இல்லை, அதை என்ன கேட்டாலும் மன்னிக்கலாம். மண்ணைக் கேட்கப் போகிறவனுக்கு என்ன வந்தது?