கஜீவனின் ஐந்து உத்தியோகங்கள்

வெக்ஸ்போர்ட், ரொறன்ரோ
14.11.1998

அன்பும் மதிப்பும் மிக்க பெரியண்ணைக்கு,

இங்கு நானும் இவரும் சுகம். அங்கு நீங்களும் மச்சாளும் நிரூபாவும் சுகமாயிருப்பீர்கள் என்று எழுதுவதுதான் முறை. ஆனால் செப்டெம்பரில் நான் போட்ட கடிதத்துக்குப் பிறகு வெள்ளவத்தையில் யாரும் சுகமாயிருக்க மாட்டீர்கள் என்று தெரிந்துகொண்டே எழுதுகிறேன். நிரூபாவுக்குப் பேசிய கஜீவன் பொய்க்காரன், சம்பந்தத்தை விட்டுவிடுங்கள் என்று எழுதியிருந்தேன் அல்லவா? அது பிழை. பொடியன் பொய் சொல்லவில்லை. எனக்குத்தான் விளங்கவில்லை. இவ்வளவையும் எழுத எனக்கு ஒன்பது நாள் பிடித்தது.

நடந்ததை ஒழுங்காகச் சொல்கிறேன். "நீ படிச்சனி, லேசிலை ஒருத்தரையும் நம்பமாட்டாய், பொடியன்ரை வேலையை வடிவா விசாரிச்சு எழுது" என்று போனில் சொன்னீர்கள். அந்தப் பாராட்டுத்தான் என்னைக் கெடுத்தது. முதலில் மில்லிக்கனுக்குப் போய் அவன் தாய் புனிதவதியைக் கண்டேன். மகன் சொப்ற்வெயார் எஞ்சினியர் என்றா. வாசலில் வைத்து அவவே எடுத்துத் தந்த அவனுடைய கார்ட்டில் சிஸ்ரம்ஸ் அனலிஸ்ற் என்று அச்சடித்திருந்தது. பஸ்ஸில் வரும்போது அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், பின்பக்கம் வெறுமையாக இருந்தது. அடுத்த நாள் அவன் வேலை செய்யும் இடத்துக்குப் போன் எடுத்தேன். வரவேற்பில் இருந்த பெண் அவன் தங்கள் ஊழியனே அல்ல, கொன்சல்டன்ற் என்றாள். வெள்ளிக்கிழமை கோயிலில், அவனோடு வேலை செய்யும் ஜனார்த்தனைப் பிடித்துக் கேட்டேன். "கஜீவனோ அன்ரி? அவன் ரெஸ்ரர். மற்றவை செய்து முடிச்ச புரோகிராமிலை பிழை பிடிக்கிறவன்" என்று சிரித்தான். எஞ்சினியர், அனலிஸ்ற், கொன்சல்டன்ற், ரெஸ்ரர். நாலு உத்தியோகம் சொல்கிறவனுக்கு ஒன்றும் இல்லை என்று நான் முடிவுகட்டினேன். விலங்கியல் படித்தவளுக்கு ஒரு பிராணிக்கு ஒரு பெயர்தான்.

வீட்டில் இவர் பேப்பருக்குள்ளிருந்து தலையை நிமிர்த்தாமலே சொன்னார்: "முருகனுக்குக் கந்தன், வேலன், ஆறுமுகம் எண்டு எத்தினை பேர். அவரையும் பொய்யன் எண்டுவீரோ?"

"முருகன் நிரூபாவைக் கேட்டு வரேல்லை" என்றேன்.

அதோடு விட்டிருக்கலாம். நான் மேலும் இரண்டு தரம் அந்த இடத்துக்குப் போன் எடுத்து, கடைசியில் அவனுடைய மனேஜரையே பிடித்து, கஜீவனுடைய சரியான பதவி என்ன, வேலை நிரந்தரமா, நாளைக்கும் இருப்பாரா என்று என் நல்ல ஆங்கிலத்தில் விசாரித்தேன். அன்று பின்னேரமே உங்களுக்கு அந்தக் கடிதத்தை எழுதித் தபாலில் போட்டேன்.

நீங்கள் சம்பந்தம் வேண்டாம் என்று அவர்களுக்கு அறிவித்த பிறகு, போன கிழமைக்கு முந்தின கிழமை, கஜீவனே எனக்குப் போன் எடுத்தான். "அன்ரி, ஒரு அரை மணித்தியாலம் தாங்கோ, பிறகு நீங்கள் என்ன முடிவெண்டாலும் எடுங்கோ." லோரன்ஸ் வீதியில் ஒரு டோனட் கடையில் சந்தித்தோம். தன் கடதாசியெல்லாம் ஒரு பைலில் அடுக்கிக்கொண்டு வந்திருந்தான்.

"வேலை ஒண்டுதான் அன்ரி. ரெண்டாயிரமாம் ஆண்டு பிறக்கேக்கை கொம்பியூட்டர் திகதியைப் பிழையா விளங்கிப் படுத்திடுமோ எண்டு பாக்கிறது. என்னை அனுப்பின ஏஜென்சி அனலிஸ்ற் எண்டு கார்ட் அடிச்சுது, அப்பதான் கூடக் காசு கேக்கலாம். நான் போயிருக்கிற கொம்பனி என்னைத் தன்ரை ஆள் எண்டு சொல்லாது, அதாலை கொன்சல்டன்ற். செய்யிறது ரெஸ்ரிங். அம்மாவுக்கு எஞ்சினியர் எண்டாத்தான் விளங்கும்."

"அப்ப உண்மையான பேர் எது?"

"எல்லாம் உண்மைதான் அன்ரி. ஒண்டும் நான் வைச்சதில்லை. உங்கடை போனுக்குப் பிறகு அஞ்சாவதும் வந்திட்டுது."

வேறொரு கொம்பனி அவனைக் கொத்திக்கொண்டு போகப்போகிறது, அதற்குத்தான் ஒரு அம்மா விடாமல் விசாரிக்கிறா என்று மனேஜர் பயந்துபோய், அவனை ரீம் லீடர் ஆக்கிவிட்டாராம். பொடியன் எனக்கு நன்றி சொன்னான். அண்ணை, ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன்.

பிறகு சும்மா கதைக்கு, "அன்ரி நீங்கள் என்ன வேலை?" என்று கேட்டான். உங்களுக்கு ஆறு வருடமாக எழுதுவதையே அவனுக்கும் சொன்னேன்: குவாலிற்றி அஷ்யூரன்ஸ் ஒபிசர், தரம் பார்க்கிற அதிகாரி. அவனுக்குப் புளுகம், முகமெல்லாம் சிரிப்பு. "நானும் உந்த லைன்தான்! என்ன சிஸ்ரம் பாவிக்கிறியள்?"

அண்ணை, நான் ஒரு சிஸ்ரமும் பாவிப்பதில்லை. மஃபின் சுடுகிற தொழிற்சாலையில், தலையில் வலைத்தொப்பியோடு எட்டு மணித்தியாலம் நின்று, ஓடுகிற பட்டியில் வரும் மஃபின்களில் உடைந்ததைக் கையால் பொறுக்கி எடுக்கிறேன். குவாலிற்றி என்று என் வேலை அட்டையில் எழுதியிருப்பது உண்மை. ஒபிசர் என்பதை நான்தான் சேர்த்தேன். நீங்கள் அதை ஊரெல்லாம் சொல்லியிருப்பீர்கள் என்பதும் தெரியும்.

"சாப்பாட்டுப் பக்கம்" என்று அவனுக்கு மெல்லச் சொன்னேன். அவன் எனக்கென்று வாங்கி வைத்திருந்த மஃபின்கள் இரண்டு முன்னால் இருந்தன. ஒன்றில் ஓரம் உடைந்திருந்தது. என் கை என்னைக் கேளாமலே போய் அதைத் தட்டின் கரைக்கு ஒதுக்கியது. பொடியன் பார்த்தான். விளங்கிவிட்டது என்று அவன் முகத்தில் தெரிந்தது. "தேத்தண்ணிக்கு இன்னும் சீனி வேணுமோ அன்ரி?" என்று மட்டும் கேட்டான். இவ்வளவும் நான் விசாரித்ததில் அவனைப் பற்றி உறுதியாகத் தெரிந்துகொண்டது அது ஒன்றுதான்.

ஆகவே அண்ணை, தயவுசெய்து உடனே புனிதவதிக்கு எழுதுங்கள். அவர்கள் வேறொரு இடத்திலும் சாதகம் கேட்டிருக்கிறார்களாம். பழி முழுவதையும் என்மேல் போடுங்கள். தங்கச்சிக்குப் படிப்பு முற்றிவிட்டது என்று எழுதினாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை. நிரூபா மூன்று நாளாக ஒருவரோடும் பேசவில்லை என்று மச்சாள் எழுதியிருந்தா. இருபத்தொன்பது வயதுப் பிள்ளையின் வாழ்க்கையில் ஒரு மாமி செய்கிற வேலையா இது? இனி இந்தப் பிறவியில் ஒருவருடைய உத்தியோகத்தையும் நான் விசாரிக்கமாட்டேன். இது சத்தியம்.

மச்சாளுக்கு என் அன்பு. நிரூபா ஏற்றுக்கொண்டால் அவளுக்கு என் ஆசி. இவரும் உங்களை விசாரித்ததாக எழுதச் சொன்னார். அந்தச் சொல்லை எழுதவே கூசுகிறது.

தலை நிமிர முடியாத தங்கை,
ஜெயமலர்

பி.கு.: கடிதத்தை ஒட்டப் போகும்போது புனிதவதி போன் எடுத்தா. "உங்களிலை எனக்குக் கோபமில்லை ஜெயமலர். பொம்பிளைப் பிள்ளையிலை இவ்வளவு அக்கறை உள்ள குடும்பம் எண்டுதான் யோசிச்சனான். அண்ணையை எழுதச் சொல்லுங்கோ, எங்களுக்குச் சம்மதம்" என்றா. நான் அழுதே விட்டேன். அதற்குப் பிறகு, "உங்களாலை ஒரு உதவி. எங்கடை மகள் அட்சயாவுக்கு விட்பியிலை ஒரு பொடியன் பேசி வந்திருக்கு. இன்ரநெற்றிலை வேலையாம், வெப்மாஸ்ரராம். உங்களைப்போலை ஒருத்தரும் விசாரிக்கமாட்டினம்" என்றா. மறுக்கத்தான் வாயைத் திறந்தேன். வருகிற சனிக்கிழமை இவர் என்னை விட்பிக்குக் காரில் கூட்டிப்போகிறார். அப்படியொரு உத்தியோகம் உலகத்தில் இருக்குமென்று எனக்குத் தோன்றவில்லை, அண்ணை.