மீன்கண்ணுக்கு முதலிடம்

"நாப்பத்தொண்ணு போட்டவனுக்குக் காது இருக்கா, இல்ல மூக்குக் கண்ணாடி மாட்டுறதுக்கு ரெண்டு கொக்கி மட்டும்தானா?" என்று கேட்டார் வீரபாண்டி.

பொன்னுராஜ் பேனாவைத் திருகி மூடினார். நோட்டுப் புத்தகத்தை எதிராளி பக்கம் திருப்பி வைத்தார்.

"நீ தொண்ணூத்தாறு போட்டுருக்க. நான் நாப்பத்தொண்ணு போட்டுருக்கேன். ஒரே பாட்டுத்தட்டு. எப்படி மாப்ள பட்டியல் அனுப்புறது?"

1973 டிசம்பர் 23, ஞாயிற்றுக்கிழமை. இடம்: தேனியை ஒட்டிய பழனிசெட்டிபட்டி, ஜெபராணி ஸ்டோர்ஸ். நோட்டு, மை, பேனா, கவர், ஸ்டாம்பு ஒட்டும் பசை எல்லாம் கிடைக்கும் கடை. கடைக்கு மனைவி பெயரை வைத்த பொன்னுராஜ், தேனி வட்டார ஆங்கில இசைத்தட்டு ரசிகர் மன்றத்தின் செயலாளர். மார்க்கையன்கோட்டையில் வாழை போட்டிருக்கும் வீரபாண்டி அதன் தலைவர். மன்றத்தில் உறுப்பினர் என்று யாரும் கிடையாது.

கொச்சி துறைமுகத்தில் வேலை பார்க்கும் பொன்னுராஜின் மைத்துனர், கப்பல்காரர்கள் கழித்துப் போடும் இசைத்தட்டுகளைக் குமுளி பஸ்ஸில் ஏற்றி அனுப்புவார். பெரிய கம்பெனித் தட்டுகளை மன்றம் தொடாது. லண்டனில் நாலு தாடிக்காரர்கள் சேர்ந்து சொந்தமாகப் போட்ட தட்டுதான் வேண்டும். கேட்டால் தலை லேசாகச் சுற்ற வேண்டும். அதற்கென்று நோட்டில் "மயக்கம்" என்று தனிக் கட்டமே உண்டு. நூற்றுக்கு நாற்பது மதிப்பெண் அதற்குத்தான்.

அந்தத் தட்டுகளின் அட்டையில் எழுத்துகள் ஊதுவத்திப் புகை போல நெளியும். பூதக்கண்ணாடி வைத்தாலும் படிக்க முடியாது. ஆகவே பேச்சு வழக்கில் படத்தை வைத்துத்தான் பெயர். மூணு தாடி, ஊதாக் குதிரை, மீன்கண்ணு. கண்ணின் கருமணிக்குள் ஒரு மீன் நீந்துவது போல அட்டை போட்டிருந்த அந்த மீன்கண்ணுதான் இப்போது சண்டைக்குக் காரணம்.

மதராஸிலிருந்து வரும் ஒரு ஆங்கில இசைப் பத்திரிகை, வெளியூர் வாசகர் ஒருவரின் "ஆண்டின் சிறந்த பத்து" பட்டியலை ஊர்ப் பெயரோடு முழுசாக அச்சிடும். போன வருடம் ஊட்டிக்காரர் ஒருவர் அதைத் தட்டிக்கொண்டு போயிருந்தார். இந்த வருடம் தேனி என்ற பெயர் அதில் வந்தே ஆக வேண்டும் என்பது பொன்னுராஜின் வைராக்கியம். பட்டியல் போய்ச் சேர இன்னும் எட்டு நாள்தான் இருந்தது.

மன்றத்துக்கு ரெக்கார்டு பிளேயர் ஒன்றே ஒன்று. ஒரு வாரம் இங்கே, ஒரு வாரம் அங்கே என்று பஸ்ஸில் மடியிலேயே உட்கார்ந்து பிரயாணம் செய்யும். அவரவர் வீட்டில் கேட்டு, அவரவர் மதிப்பெண் போட வேண்டும்.

"சேர்ந்து கேப்போம்" என்றார் பொன்னுராஜ். "இப்பவே, இங்கனயே."

கடைக்குப் பின்னால் இருந்த வீட்டில் மீன்கண்ணு சுற்ற ஆரம்பித்தது. இரண்டு நிமிடத்தில் வீரபாண்டியின் முகம் சுருங்கியது.

"ஏலே, தட்ட மாத்திட்டியா?"

"நான் எதுக்குடா மாத்துறேன்?"

"அங்கன பாடுனவன் கிணத்துக்குள்ள இருந்து பாடுனான். இவன் பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு பாடுறான்."

வேகக் குமிழை இருவரும் தனித்தனியாகப் பார்த்தார்கள். நிமிடத்துக்கு முப்பத்து மூன்று சுற்றில்தான் இருந்தது. அட்டையில் வீரபாண்டி வீட்டு வாழைக்கறையும் இருந்தது. தட்டு அதேதான்.

"அப்ப நீதான் பொய் மார்க்குப் போட்டுருக்க" என்றார் பொன்னுராஜ்.

"பொய்யா? கிளம்புலே. பெட்டியத் தூக்கு."

மறுநாள் கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள். ஜெபராணி முறுக்கு பிழிந்துகொண்டிருந்தபோது வீட்டுத் தலைவர் மடியில் ரெக்கார்டு பிளேயரோடு பஸ் ஏறினார். அதற்கு அந்த அம்மாள் சொன்னதை நோட்டில் குறிக்கவில்லை.

மார்க்கையன்கோட்டையில் சாயங்காலம் ஆறு மணி. வயல்களில் மோட்டார் ஓடும் சத்தம். வீட்டில் குண்டு பல்பு பழுத்த ஆரஞ்சு போல மங்கலாக எரிந்தது. அந்த வெளிச்சத்துக்கே மயக்கத்தில் ஐந்து மதிப்பெண் கூட்டலாம் என்று பொன்னுராஜுக்குத் தோன்றியது.

ஊசி தட்டில் இறங்கியது.

குரல் வந்தது. தேனியில் கேட்ட குரல் இல்லை அது. கனத்து, ஆழத்திலிருந்து, ஒவ்வொரு சொல்லையும் விட மனமில்லாமல் விட்டது. கிதார், தேன் வடிவது போல வந்தது. பொன்னுராஜ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி மாட்டி, மறுபடி கழற்றினார்.

வீரபாண்டியின் மனைவி சங்கிலியம்மாள் சுக்குக் காபியோடு வந்து எட்டிப் பார்த்தாள்.

"சினை மாடு முக்குற மாதிரி இருக்கு. இதுக்கா அண்ணே கண்ணு கலங்குறீக?"

"இது உங்களுக்குப் புரியாதும்மா."

"மாட்டுக்குப் புரிஞ்சிருச்சு. இது பாடுற அன்னைக்கெல்லாம் கறக்கவே விட மாட்டேங்குது."

பொன்னுராஜ் நாற்பத்தொன்றை அடித்துவிட்டுத் தொண்ணூற்றேழு போட்டார். முறைப்படி நேரத்தையும் குறித்தார். தேனியில் முப்பத்தெட்டு நிமிடம் பாடிய தட்டு இங்கே நாற்பத்தாறு நிமிடம் பாடியிருந்தது. கைக்கடிகாரம் கெட்டுவிட்டது என்று முடிவு செய்து, ஊருக்குப் போனதும் பழுது பார்க்கக் கொடுத்தார். பழுது இல்லாத கடிகாரத்தைக் கடிகாரக் கடைக்காரர் திறந்து பார்த்து மூடியபோது அது நின்றே போனது.

அன்று அங்கேயே உட்கார்ந்து பட்டியலை எழுதினார். முதலிடம், மீன்கண்ணு. அதற்கு ஒரு பக்க விளக்கம்: "இந்த இசை நகரத்துச் சுவர்களுக்குள் சுருங்கிப்போகும் இயல்புடையது. ஆற்றுக் காற்றும் வாழைத்தோட்டமும் உள்ள எங்கள் பள்ளத்தாக்கில்தான் அது முழுமையாக மலர்கிறது என்பதை நேரில் சோதித்து அறிந்தோம்."

"மாப்ள, கையோட அந்த மனுவையும் எழுதிரு" என்றார் வீரபாண்டி. "மோட்டார் முக்குது, தண்ணி ஏற மாட்டேங்குது."

கரண்டு ஆபீசுக்கு வருடத்துக்கு மூன்று மனு அவர் பேரில் பொன்னுராஜ் எழுதி, அடியில் "எழுதியவர்: பொன்னுராஜ்" என்றும் போட்டுக் கொடுப்பது வழக்கம். இது பன்னிரண்டாவது. இரண்டு கடிதமும் ஒரே பேனா, ஒரே மை, ஒரே நாளில் தபால்பெட்டியில் விழுந்தன. இரண்டுக்கும் நகல் எடுத்துக் கோப்பில் கோத்தார்.

பிப்ரவரியில் பட்டியல் அச்சில் வந்தது. முழுசாக. விளக்கத்தோடு. அடியில் "பொன்னுராஜ், வீரபாண்டி, தேனி" என்று கொட்டை எழுத்தில்.

பொன்னுராஜ் பத்துப் பிரதி வாங்கினார். முறுக்குக் கோபம் தீர்ந்த ஜெபராணி ஒன்றைச் சட்டம் போட்டுக் கடையில் மாட்டினாள். பென்சில் வாங்க வந்தவர்களும் அதைப் படித்துவிட்டுத்தான் பென்சிலோடு போக முடிந்தது. ஏலக்காய் வியாபாரி அம்மாவாசி, "ஏலக்காய்க்கு அப்புறம் நம்ம பேரு மெட்ராஸ்ல வாசம் அடிக்கிறது இதுலதான்" என்றார். பொன்னுராஜ் அன்று அவருக்கு விற்ற மையைக் கொஞ்சம் கூடவே ஊற்றிக் கொடுத்தார்.

அடுத்த வாரமே ஒரு கடிதம். பத்திரிகையின் துணையாசிரியர் சுந்தர்ராஜ் எழுதியிருந்தார். அவரிடமும் அந்தத் தட்டு இருக்கிறதாம். மதராஸில் அது சாதாரணமாகத்தான் ஒலிக்கிறதாம். தேனிப் பள்ளத்தாக்கின் காற்றில் அதைக் கேட்க மார்ச் பத்தாம் தேதி நேரில் வருகிறாராம்.

பொன்னுராஜ் அன்று இரண்டு சட்டைக்குக் கஞ்சி போடச் சொன்னார்.

மார்ச் பத்து, சாயங்காலம் ஆறு. மார்க்கையன்கோட்டை. சுந்தர்ராஜ் ஒல்லியாக, ஜிப்பாவும் ஜோல்னாப் பையுமாக வந்திருந்தார். வீடு வெள்ளையடித்துப் பளிச்சென்று இருந்தது. பல்பு கண்ணைக் கூச வைத்தது. வீரபாண்டி அதன் மேல் துண்டைப் போட்டு வெளிச்சத்தைக் குறைத்தார்.

"ஆரம்பிக்கலாமா சார்? கண்ண மூடிக்குங்க" என்றார் பொன்னுராஜ்.

ஊசி இறங்கியது. பஸ்ஸுக்கு நேரமான அதே ஆள் பாட ஆரம்பித்தான்.

சுந்தர்ராஜ் ஒரு கண்ணைத் திறந்தார். வீரபாண்டி பொன்னுராஜைப் பார்த்தார்.

"ஊசியில தூசி" என்றார் பொன்னுராஜ். சங்கிலியம்மாள் கொடுத்த பஞ்சால் துடைத்ததில் ஊசியில் பஞ்சு மாட்டிக்கொண்டு, பாடகன் பல் வலியோடு பாடினான். பஞ்சை எடுத்தார்கள்.

"காத்துப் பத்தல. பெட்டிய வெளிய கொண்டாங்க" என்றார் வீரபாண்டி. நீள ஒயர் இழுத்து வாழைக்குப் பக்கத்தில் வைத்தார்கள். ஒரு கோழி தட்டின் மேல் ஏறி, முதல் பக்கம் முழுவதும் சுற்றிவிட்டு இறங்கியது.

"அன்னைக்கு நாம சுக்குக் காபி குடிச்சோம்" என்று நோட்டைப் பார்த்துச் சொன்னார் பொன்னுராஜ். எல்லோரும் சுக்குக் காபி குடித்தார்கள். "மேக்க பாத்து உக்காந்தோம்." எல்லோரும் மேற்கே திரும்பி உட்கார்ந்தார்கள். அந்தி வெளிச்சம் சுந்தர்ராஜின் கண்ணில் குத்தியது. பாடகன் இன்னும் வேகமாகப் பாடுவதாகவே தோன்றியது.

"எருமை மாடு நிம்மதியா அசை போடுது அண்ணே" என்றாள் சங்கிலியம்மாள். "அன்னைக்கு மாதிரி இல்ல."

"மாப்ள, நாமளே மெதுவாப் பாடிக் காமிச்சிருவமா?" என்று காதில் கேட்டார் வீரபாண்டி.

சுந்தர்ராஜ் பேனாவைச் சட்டைப்பையில் சொருகினார். குரல் மரியாதையாகத்தான் இருந்தது.

"பரவாயில்லை சார். சில நேரம் ஆர்வத்துல அப்படித் தோணும். அடுத்த இதழ்ல சின்னதா ஒரு திருத்தம் மட்டும் போட்டுடறேன்."

"திருத்தமா?" பொன்னுராஜ் எழுந்தே விட்டார். கடையில் மாட்டியிருக்கும் சட்டம் கண்ணுக்கு முன் ஆடியது. "தேனி பேருக்குக் கீழயா?"

"வேற வழி இல்லையே சார்."

"இருங்க." கையோடு கொண்டுவந்திருந்த கோப்பைத் திறந்தார். "பாருங்க. இருபது வருசமாக் கடுதாசி எழுதுறேன். தேதி, நகல், எல்லாம் இருக்கு. சோதிச்சுப் பாக்காம ஒரு வரி எழுதுனதில்ல. இன்னொண்ணும் சொல்றேன் சார், பெருமைக்குச் சொல்லல. பொன்னுராஜ் எழுதுன கடுதாசி ஒண்ணுகூட இதுவரைக்கும் வீணாப் போனதில்ல!"

அப்போது வாசலில் ஒருவன் வந்து நின்றான். தோளில் கயிறு, இடுப்பில் கட்டிங் பிளேயர், கையில் ஒரு காகிதம். லைன்மேன் ஒச்சாண்டி.

"இங்கன பொன்னுராஜ்ங்கிறது யாருங்கய்யா?"

"நான்தான்."

"கும்புடுறேன்யா. பன்னெண்டு மனுவும் எழுதுனது நீங்கதானாமே? ஆபீசுல எஞ்சினியர் ஐயாவே சொன்னாக, இந்தக் கையெழுத்துக்காகவாவது செஞ்சு குடுக்கணும்னு. குறை தீந்துச்சுன்னு ஒரு கையெழுத்துப் போடுங்க."

பொன்னுராஜின் நெஞ்சு அரை அடி நிமிர்ந்தது. காகிதத்தை வாங்கி, தேதி போட்டு, பெயருக்குக் கீழே இரண்டு கோடும் இழுத்தார். பிறகு சுந்தர்ராஜ் பக்கம் மெல்லத் திரும்பினார்.

"பாத்தீகளா சார்? பலன் கைமேல. வீணாப் போகாதுன்னேனா இல்லையா?"

சுந்தர்ராஜுக்கே மரியாதை கூடிவிட்டது. பேனாவை மறுபடி எடுத்துக்கொண்டு லைன்மேனைக் கேட்டார்: "என்ன மனுப்பா அது?"

ஒச்சாண்டி துண்டு போர்த்திய பல்பைப் பார்த்தான். வாழைக்கு அடியில் விறுவிறுவென்று சுற்றிக்கொண்டிருந்த தட்டைப் பார்த்தான்.

"இந்தப் பக்கம் அரைக் கரண்டுதான் வருதுன்னு மனுங்க. இன்னைக்கு மத்தியானம்தான் புது டிரான்ஸ்பார்மர் மாட்டுனோம். நானும் லைன் பாக்க வாரப்பெல்லாம் கேட்டுருக்கேன், பாவம், அந்த வெள்ளக்காரன் கரண்டு பத்தாம இத்தன நாளா இழுத்து இழுத்துப் பாடிக்கிட்டு இருந்தான். ஐயா புண்ணியத்துல இன்னைக்குத்தான் ஒழுங்காப் பாடுறான்!"