ஆடும் பல்செட்

"இப்ப வலது பக்கம் சரியாயிடுச்சு. இடது பக்கம் ஆடுது!" டாக்டர் திஹமேர் பல்செட்டை விளக்குக்கு நேராகப் பிடித்துக்கொண்டு கத்தினார். "போன தடவை இடது பக்கம் நல்லா இருந்துச்சு, வலதுதான் ஆடிச்சு. இது பல்செட்டா, தராசா?"

நாற்காலியில் சாய்ந்திருந்த ரோஸ்னர் தாத்தா பொக்கை வாயைத் திறந்தபடி கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வியன்னாக்காரர், எண்பதைத் தாண்டியவர், ஹங்கேரிய மொழி ஒரு சொல்கூடப் பேசாதவர். அதுவும் நல்லதாகப் போயிற்று. டாக்டர் நோயாளிகளிடம் ஜெர்மனில் கொஞ்சுவார், அவர்கள் தலைக்கு மேலேயே ஹங்கேரிய மொழியில் திட்டுவார்.

எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடித்தபடி பக்கத்தில் நின்றாள், டாக்டரிடம் உதவியாளாகப் பயிற்சி பெறும் ஷரோல்டா. வலது பக்கம் ஏன் ஆடியது என்று அவளுக்குத் தெரியும். ராவிவிட்டவளே அவள்தான். ஆனால் இடது பக்கத்தை அவள் தொடவே இல்லையே!

ஹங்கேரி எல்லையில் இருக்கும் எங்கள் ஓவாரில் ரொட்டிக்கடையைவிடப் பல் ஆஸ்பத்திரி அதிகம். எல்லைக்கு அந்தப் பக்கத்து ஆஸ்திரியக்காரர்கள் செலவு குறைவென்று பல்லைத் தூக்கிக்கொண்டு இங்கே வருவார்கள். இங்கிருக்கும் பெண்கள் அவர்கள் வீட்டுப் பெரியவர்களைக் கவனிக்க அங்கே போவார்கள். ஷரோல்டாவின் அம்மா பிரோஷ்கா அப்படி ரோஸ்னர் தாத்தா வீட்டுக்குப் போனவள்தான். இரண்டு வாரம் அங்கே, இரண்டு வாரம் வீட்டில் என்றுதான் பேச்சு. மாற்றாளாக இருந்தவள் கல்யாணம் செய்துகொண்டு போனதோடு அந்தப் பேச்சும் போயிற்று. தாத்தாவைத் தனியே விட முடியாது. மகள் அங்கே போய்ப் பார்க்கலாம் என்றால், லின்ஸ் நகரத்திலிருக்கும் தாத்தாவின் மகன், அப்பா வீட்டுக்குள் வெளியாள் யாரும் வரக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டான்.

போனில் தினமும் பேசினார்கள். போனில் குரல் வந்தது, அம்மா வரவில்லை. பதினெட்டு வயதில் அம்மாவுக்காக ஏங்குவது வெட்கம் என்று ஷரோல்டா நினைத்தாள். நினைத்துவிட்டு அம்மாவின் தலையணையில்தான் படுத்துத் தூங்கினாள்.

அப்படியிருக்கும்போதுதான் தாத்தாவுக்குப் புதுப் பல்செட் தேவைப்பட்டது. "எம்பொண்ணு தொழில் கத்துக்கிற எடம்" என்று பிரோஷ்கா செல்போனில் ஆஸ்பத்திரி வாசல் படத்தைக் காட்டியிருக்கிறாள். சூப்பில் உப்பு போதவில்லை என்பதற்கே அரைமணி நேரம் சண்டை போடும் கிழவர், உடனே சரி என்று தலையாட்டினாராம். தாத்தாவின் பழைய காரை ஓட்டிக்கொண்டு பிரோஷ்கா அவரை நாலைந்து தடவை கூட்டி வந்தாள். கடைசியில் ஒருநாள் பல்செட் கச்சிதமாகப் பொருந்திவிட்டது.

"பிரமாதம்! இனிமே நீங்க வரவே வேண்டாம்" என்றார் டாக்டர். "ஷரோல்டா, கொஞ்சம் பாலீஷ் போட்டுக் கொண்டா."

பாலீஷ் மெஷின் முன்னால் உட்கார்ந்த ஷரோல்டாவுக்குக் கதவிடுக்கு வழியாக அம்மா கோட்டு மாட்டிக்கொள்வது தெரிந்தது. ஒரு கை நுழைந்துவிட்டது, இன்னொரு கை நுழைய வேண்டியதுதான் பாக்கி. பாலீஷ் சக்கரத்தைக் கழற்றிவிட்டு அரத்தை மாட்டினாள். வலது பக்கம் உள்ளே, வலிக்காமல் ஆட மட்டும் செய்யும்படி, ஒரே ஒரு இழுப்பு. பயிற்சிக்கு வந்ததிலிருந்து அவள் செய்த வேலைகளிலேயே சுத்தமான வேலை அதுதான்.

தாத்தா திரும்பி வந்தார், அம்மாவும் வந்தாள். மாடியில் பல்செட்டைச் சரிசெய்யும் நேரம் முழுக்க, பஞ்சும் கையுறையும் அடுக்கிய ஸ்டோர் ரூமில் தாயும் மகளும் முட்டி இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். பிரோஷ்கா டப்பாவில் பாலாடைக்கட்டி போட்ட பொகாச்சா ரொட்டி கொண்டுவந்திருந்தாள்.

"எளைச்சுட்டியேடி. சாப்பிடறியா இல்லையா?"

"நீதாம்மா எளைச்சிருக்க."

"நாங்க ரெண்டு பேரும் இப்ப ரவைக் கூழுதானே. பாவம், அவருக்குக் கடிக்க முடியல."

ஷரோல்டா கடித்த பொகாச்சாவை டப்பாவிலேயே திரும்ப வைத்தாள். ஆனாலும் அம்மா பின்னலைப் பிரித்துத் திரும்பப் பின்னிவிட்டபோது, கிழவர் இன்னும் ஒரு மாதம் கூழ் குடித்தால் குடி முழுகிவிடாது என்றும் தோன்றியது. அம்மாவின் விரல் பட்ட இடமெல்லாம் அவளுக்குக் குளிர்ந்தது.

அதற்கடுத்த தடவைதான் இடது பக்கம் ஆடியது.

"உன் மாவுதான் காரணம்" என்று டாக்டர் முடிவு கட்டினார். அச்செடுக்கும் மாவைக் குழைப்பது ஷரோல்டாவின் வேலை. தண்ணீர் கூடினால் கஞ்சி, குறைந்தால் கல். "கஞ்சியில அச்செடுத்தா பல்லு ஆடாம என்ன பண்ணும்? இப்படியே போனா நான் உன்னைப் பரிட்சைக்கு அனுப்பமாட்டேன், பாத்துக்க."

ஒரு வாரம் முழுக்க அவள் மாவு குழைத்தாள். வரவேற்பறையிலிருக்கும் கொர்னேலியாவின் வாயில்தான் அச்செடுத்துப் பழகினாள். "என் பல்லை இத்தனை தடவை யாருமே ஆசையா பாத்ததில்ல" என்று கொர்னேலியா மாவைத் துப்பினாள்.

மாவு வெண்ணெயாக வந்தது. புது அச்சில் பல்செட் சிக்கென்று உட்கார்ந்தது. அப்படியே விட்டால் அம்மா வரமாட்டாள். எனவே ஷரோல்டா மறுபடி வலது பக்கம் ஒரு இழுப்பு இழுத்தாள். திரும்பி வந்தபோது இரண்டு பக்கமும் ஆடியது.

டாக்டர் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். "என் பேரு கெட்டுடும். பெரியவரை இனி அலைய விடறது பாவம். நானே வியன்னாவுக்கு வந்து வீட்டுலயே பாத்துடறேன்."

ஷரோல்டாவின் கையிலிருந்த தட்டு நழுவி, கண்ணாடியும் இடுக்கியும் தரையில் சிதறின. வாசலில் நின்ற பிரோஷ்காவின் முகம் வெளுத்தது. டாக்டர் இதையே ஜெர்மனில் சொன்னதும், தாத்தா இரண்டு கையாலும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு "நைன்! நைன்!" என்று வேண்டவே வேண்டாமெனத் தலையை உலுக்கினார்.

"அப்ப, இன்னும் ஒரு தடவை ஆடினா ஒரே வழிதான்" என்றார் டாக்டர். "தாடையில ரெண்டு ஸ்க்ரூ போட்டு இறுக்கிடலாம். அப்புறம் ஜென்மத்துக்கும் ஆடாது. இவருக்கும் வர்ற வேலை இருக்காது."

அன்று ஷரோல்டா பல்செட்டைத் தொடவே இல்லை. இந்த வயதில் அந்த மனிதரின் தாடையைத் துளைப்பதா? டாக்டரே சரிசெய்து போட்டு அனுப்பட்டும், அது ஆடாமல் நிற்கட்டும், அம்மா வராவிட்டால் போகட்டும். அப்படித்தான் முடிவெடுத்தாள். வாசலில் வண்டி ஏறப்போன அம்மாவை வழக்கத்தைவிட நெடுநேரம் கட்டிக்கொண்டாள். அம்மாவும் ஏனோ அன்றைக்கு விடவே இல்லை.

அடுத்த வாரமே கார் வந்து நின்றது. பல்செட் நடுவில் விரிசல் விட்டிருந்தது.

"போதும், இன்னைக்கே ஸ்க்ரூ!" டாக்டர் கையுறையை இழுத்து மாட்டினார். தாத்தாவின் கழுத்தில் காகிதத் துண்டு கட்டப்பட்டது. டாக்டர் வழக்கம்போலத் திரும்பிப் பார்க்காமல் கையை மட்டும் நீட்டினார். மரத்துப்போக வைக்கும் ஊசி அந்தக் கையில் வந்து உட்கார வேண்டும். இந்தத் தொழிலில் பாதி அதுதான். கை கேட்பதற்கு முன்னால் கருவி வந்து சேர வேண்டும்.

ஊசி வரவில்லை.

"ஊசி!"

"தரமாட்டேன் டாக்டர்."

"என்னது?"

"நான்தான் டாக்டர். வலது பக்கம் நான்தான் ராவினேன்." ஷரோல்டா ஊசியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு அழுதாள். "ஆடினாத்தான் எங்கம்மா வருவாங்க. அவங்க என்னைப் பாத்துக்க வேண்டிய ஆளு, இவரைப் பாத்துக்கிட்டிருக்காங்க. எனக்கு எங்கம்மா வேணும். பரிட்சைக்கு அனுப்பாட்டிப் போங்க. அவரைத் துளைக்காதீங்க."

டாக்டரின் வாய் இப்போது நோயாளியின் வாயைவிட அகலமாகத் திறந்திருந்தது. "அப்ப இடது பக்கம்?"

"சத்தியமா அது நான் இல்ல!"

வாசலில் தொண்டையைச் செருமும் சத்தம் கேட்டது. பிரோஷ்கா கைப்பையைத் திறந்து, நகம் ராவும் அரம் ஒன்றை எடுத்துக் கருவித் தட்டில் வைத்தாள்.

"இடது பக்கம் நான், டாக்டர். அவர் தூங்கறப்ப, வாரா வாரம் கொஞ்சங் கொஞ்சமா." அவள் மகளைப் பார்க்கவில்லை. "வேற எப்படி இவளை வந்து பாக்கறது? நீங்களே சொல்லுங்க."

"அடிப்பாவிகளா!" டாக்டர் முகமூடியைக் கழற்றி எறிந்தார். "ஆத்தாளும் மகளும் சேர்ந்து ஒரு பெரிய மனுசனைப் பட்டினி போட்டிருக்கீங்க! அது போதாதுன்னு நடுவுல பொளந்தும் வச்சிருக்கீங்க!"

"பொளந்தது நான் இல்ல" என்றாள் பிரோஷ்கா. "ஸ்க்ரூன்னு நீங்க சொன்ன அன்னைக்கே நான் ராவறதை விட்டுட்டேன்."

"நானுந்தான் டாக்டர், அன்னைக்கே!"

"அப்ப அந்த விரிசல்?"

தாயும் மகளும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். இருவர் முகத்திலும் பொய் இல்லை.

ரோஸ்னர் தாத்தா கழுத்திலிருந்த காகிதத் துண்டை அவிழ்த்து மடித்தார். மெல்ல எழுந்து உட்கார்ந்து, பல்லில்லாத வாயால், ஓவார்க்காரர்கள் மட்டுமே இழுத்துப் பேசும் அச்சுப் பிசகாத ஹங்கேரியப் பேச்சில் சொன்னார்:

"அது நான்தான் தம்பி, கறி தட்டுற சுத்தியால ஒரு போடு போட்டேன்; உலகப்போர் முடிஞ்சதும் ஜெர்மன்காரங்கன்னு சொல்லி இந்த வீட்டுலேருந்து எங்களை வண்டியில ஏத்தி அனுப்புனப்ப எனக்கு ஆறு வயசு, நீ இந்த நாற்காலியப் போட்டிருக்கியே, அங்கதான் எங்கம்மா அடுப்பு இருந்துச்சு."