செத்தவீட்டு அண்ணையும் நீலச்சட்டைச் சிறுமியும்

இத்தாலியின் பலெர்மோ நகரில் ஒரு செத்தவீட்டுக்கு அவர் போகவில்லை என்றால், அந்த ஆள் இன்னும் சாகவில்லை என்றுதான் அர்த்தம். தமிழரோ சிசிலிக்காரரோ, அவருக்குப் பேதமில்லை. ஒருமுறை மொண்டெல்லோவில் கடற்குளிப்புக்குப் போன இடத்தில் ஒரு சவ ஊர்வலத்தைக் கண்டுவிட்டு, நனைந்த காற்சட்டையோடு பின்னால் நடந்து, செத்தவரின் மனைவியைவிட உரத்து அழுதிருக்கிறார். தூரத்து உறவாக்கும் என்று அவரை முன்வரிசையில் இருத்தினார்களாம். எங்களுக்கு அவர் செத்தவீட்டு அண்ணை.

தொண்ணூறுகளில் பொலிதேயாமாப் பக்கம் ஒரு வயதான சிஞ்ஞோராவின், அதுதான் வீட்டுக்கார அம்மாவின், வீட்டில் எனக்கும் அவருக்கும் வேலை. நான் நிலம் துடைப்பேன், அவர் குசினியில் சமையல். ஒரு கிழமை அவருக்கு வேலைக் கடிதத்தில் சிஞ்ஞோராவின் கையெழுத்து வேண்டியிருந்தது. அது கிடைக்காவிட்டால் பெர்மெஸ்ஸோ என்கிற வதிவிட அனுமதியைப் புதுப்பிக்க முடியாது; யாழ்ப்பாணத்தில் காத்திருக்கும் மனைவியையும் மகளையும் கூப்பிடவும் முடியாது. "வாயை வைச்சுக்கொண்டு சும்மா இருங்கோ அண்ணை" என்று கும்பிட்டுக் கேட்டிருந்தேன்.

வாய் சும்மாதான் இருந்தது. கை இருக்கவில்லை.

வரவேற்பறைச் சுவரில் நீலச்சட்டை போட்ட ஒரு சிறுமியின் பெரிய படம், அதற்கு மேலே ஒரு சின்ன மின்குமிழ். படத்துக்கு விளக்கென்றால் எங்கள் ஆட்களுக்கு வேறென்ன அர்த்தம்! அந்தக் கிழமையிலேயே ஒருநாள் நான் உள்ளே போனால் படத்துக்கு மாலை, சாம்பிராணி, தட்டில் வடை. அண்ணை மூக்கை உறிஞ்சிக்கொண்டு நிற்கிறார்.

"என்ன அண்ணை கோதாரி இது?"

"சிஞ்ஞோராவின்ரை பிள்ளையடா. பாவம், எத்தினை வயசிலை போச்சுதோ!"

அந்நேரம் பார்த்துச் சிஞ்ஞோரா வந்துவிட்டார். நான் விசயத்தைச் சொன்னதும் வீடே அதிரக் கத்தினார். இது தன் பிள்ளை இல்லையாம். நூறு வருடத்துக்கு முன் ஒரு போஸ்ட் இம்ப்ரெஷனிஸ்ட் ஓவியர் வரைந்த யாரோ ஒரு சிறுமியாம். இது அதன் அச்சுப்பிரதியாம். எல்லாவற்றையும் அண்ணைக்குத் தமிழில் சொன்னேன்.

அண்ணை யோசித்தார். "நூறு வருசமெண்டால் செத்திருப்பாள்தானே?"

"ஐயோ, மன்னிப்புக் கேளுங்கோ அண்ணை!"

"அழுததுக்கு மன்னிப்போ? அந்தப் பிள்ளைக்கு அழ ஆரும் இருந்தவையோ எண்டு அவவிட்டைக் கேள்."

வந்த எரிச்சலில் அதையும் இத்தாலிய மொழியில் சிஞ்ஞோராவிடம் அப்படியே சொன்னேன். இருவருக்கும் வேலை போகப்போகிறது என்றுதான் நினைத்தேன். சிஞ்ஞோரா கதிரையில் இருந்துவிட்டார்.

"எனக்கும் ஒருவரும் இல்லை. நான் செத்தால் இந்த மனிதர் வருவாரா, கேள்."

நான் கேட்டு முடிக்கவில்லை, அண்ணை தொடங்கிவிட்டார். உயிரோடிருக்கிற மனுசிக்கு முன்னால் ஏங்கி ஏங்கி அழுகிறார். "உப்பிடிக் கதைக்க வேண்டாமெண்டு சொல்லடா!"

சிஞ்ஞோரா கையெழுத்தைப் போட்டார். பிறகு தன் கைலேஞ்சியால் அண்ணையின் கண்ணைத் துடைத்துவிட்டார். ஊரெல்லாம் அழுது திரிந்த மனுசனின் கண்ணைத் துடைக்கவேண்டும் என்று எங்களில் ஒருவருக்கும் அதுவரை தோன்றவில்லையே என்று எனக்கு வெட்கமாக இருந்தது.