ரோமர் கோட்டைத் தீர்த்தம்

படித்தவர்களுக்கு வாயை மூடிக்கொண்டு நிற்பது கஷ்டம். குடும்பத்திலேயே முதன்முதலாகப் பல்கலைக்கழகம் போனவளுக்கு அது முடியவே முடியாது. (என்னைத்தான் சொல்கிறேன்.)

சிட்னியில் நான் படித்தது பண்டைய வரலாறு. மன்னாரில் ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய அம்மாவுக்கு அது தீராத கவலை. "செத்த ஆக்களைப் பற்றிப் படிச்சு ஆருக்குப் பிள்ளை லாபம்?" என்பார், வென்ட்வேர்த்வில் ரயிலில் நாலு பேர் கேட்கும்படி.

அதனால்தான் போன வருடம் இங்கிலாந்துக்குக் கல்யாணத்துக்குப் போன இடத்தில், வடக்கே இருந்த ரோமர் கோட்டைக்கு அவரை இழுத்துக்கொண்டு போனேன். ஒரு தடவையாவது 'என்ர மகள் படிச்சவள்' என்று அவர் வாயால் கேட்டுவிட வேண்டும்.

பனிமூட்டம். குன்றின் விளிம்பில் ஓடிய பழைய மதில் முகிலுக்குள் போய்க் கரைந்தது. புல்லுக்குள் இடுப்பளவு கற்சுவர்கள். அவற்றின் மேல் சாய்ந்தபடி ஆடுகள். சிரியா வெயிலில் பிறந்த வீரர்கள் இங்கே நடுங்கிக்கொண்டு காவல் நின்றதை நினைத்தேன். அவர்களின் செருப்புச் சத்தம்கூடக் கேட்டது. அந்தக் கனவிலேயே, அறிவிப்புப் பலகையைப் பார்க்காமல் (படித்தவளுக்குப் பலகை எதற்கு?) கோட்டை மூலையில் இருந்த நீண்ட அறைக்குள் நுழைந்தேன். சுற்றிவரக் கல்வாய்க்கால். நடுவில் மழைநீர் நிறைந்த கல்தொட்டி.

"இது கிறிஸ்தவ வேதத்துக்கு வந்த வீரர்களின்ர கோயில், அம்மா. சுவரோரம் வரிசையா இருந்து, ஒண்டும் கதையாமல் செபிப்பினம். இது தீர்த்தத் தொட்டி."

அம்மா செருப்பைக் கழற்றினார். விரலை நனைத்து நெற்றியில் சிலுவை போட்டார். "எவ்வளவு தெரிஞ்சு வைச்சிருக்கிறாய், பிள்ளை!"

நான் மிதந்தேன். சிட்னியில் கிரவீன் பக்கம் முழங்கால் வலியோடு இருக்கும் அன்ரிக்காக அம்மா போத்தலிலும் கொஞ்சம் மொண்டுகொண்டார்.

அப்போது வழிகாட்டி ஒருவர் பயணிகளோடு வந்து ஆங்கிலத்தில் விளக்கினார். எல்லோரும் சிரித்தார்கள்.

"என்னவாம்?"

"இது... கக்கூஸாம், அம்மா."

"அப்ப தொட்டி?"

"குச்சியில கடற்பஞ்சு கட்டித்தான் கழுவுவினமாம். பிறகு பஞ்சை இதில அலசுவினமாம்."

அம்மா நெற்றியைத் துடைத்தார். செருப்பை மாட்டினார். வானத்தைப் பார்த்தார். பிறகு போத்தல் மூடியை இறுக்கினார்.

"ஐயோ, ஊத்திவிடுங்கோ!"

"ஏன்? இவ்வளவு காலமும் மழை கழுவியிருக்கும். அன்ரிக்கு ஒண்டும் விளக்கத் தேவையில்லை. நீ விளக்கினது காணும்."

அன்ரியின் முழங்கால் இப்போது நல்ல சுகம். (பூசினாரா, குடித்தாரா என்று நாங்கள் இன்றுவரை கேட்கவில்லை.) ஞாயிறு பூசை முடிந்ததும் கோயில் வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "இந்தப் பிள்ளையின்ர படிப்பாலதான் நான் நடந்து திரியிறன்" என்று எல்லோருக்கும் சொல்வார். என் பட்டத்தை முழுமனதாக நம்பும் ஒரே ஆள் அவர்தான். அந்த நேரம் பார்த்து அம்மாவுக்கு இருமல் வந்துவிடும்.