ஓடிக்கொண்டிருந்த கம்ப்யூட்டரை நான் கழுவிய கதை

நன்றாக ஓடுகிற எதையும் சும்மா விட முடியாதவர்கள் உலகத்தில் உண்டு. அவர்களுக்கு ஒரு சங்கம் வைத்தால் தலைவர் பதவிக்கு என்னை எதிர்த்து யாரும் நிற்க முடியாது.

விண்டோஸ் எக்ஸ்பி காலம். சிவகாசியில் அத்தை நடத்திய சின்ன அச்சகத்தில் காலண்டர் டிசைன் செய்வது என் வேலை. ஆடிப்பெருக்கன்று பூஜை போட்டு, அடுத்த வருடக் காலண்டர் ஆல்பத்தை வெளியிட வேண்டும். அதைப் பார்த்துத்தான் ஏஜென்ட்கள் ஆர்டர் தருவார்கள். ஆல்பம் இல்லையென்றால் அந்த வருடம் அத்தைக்குப் பிழைப்பே இல்லை. அந்த நேரம் பார்த்துத்தான், கம்ப்யூட்டர் நத்தையாக ஊர்கிறது என்று மதர்போர்டையும் ரேமையும் மாற்றினேன் (புத்தி எங்கே போயிற்றோ).

மாட்டிக் கொடுத்தவர் கிளம்பும்போது, "பழைய விண்டோஸையே எடுத்துக்கிருச்சு. மக்கர் பண்ணுனா ஃபார்மட் போடுங்க. ஓடுனா கை வைக்காதீக" என்றார்.

ஓடியது. ஆனால் எங்கள் ஊரில், கறுப்பு மை ஓட்டிய மெஷினில் ரோலரைக் கழுவாமல் மஞ்சளை ஏற்றினால் மெஷின்மேன் அடிக்கவே வந்துவிடுவார். புது போர்டில் பழைய விண்டோஸா? கழுவித்தான் ஆக வேண்டும் என்று முடிவு செய்தேன். டிசைன்களைப் பத்திரமாக அதே ஹார்ட் டிஸ்க்கில் சி டிரைவிலிருந்து டி டிரைவுக்கு மாற்றினேன். விண்டோஸ் சிடியைப் போட்டதும் நீலத் திரை வந்து, டிஸ்க்கில் எந்த பார்ட்டிஷனை அழிக்க என்று கேட்டது. பாதி ரோலரை மட்டுமா கழுவுவோம்? எல்லாவற்றையும் அழித்தேன்.

புது விண்டோஸ் பளிச்சென்று வந்தது. முருகன், லட்சுமி, சரஸ்வதி ஒருவரையும் காணோம். கலர் பார்க்க முன்பு பிரிண்ட் போட்ட கடையில் நகல் இருக்கும் என்று ஓடினேன். வேலை முடிந்ததும் அழித்துவிடுவோம் என்றார்கள்.

"அம்புட்டும் போச்சாலே?" என்று கேட்டுவிட்டு அத்தை உட்கார்ந்துவிட்டார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

சாயங்காலம் எதிர் அச்சகத்து அண்ணாச்சி வந்தார். எங்கள் டிசைனைத் திருடுகிறார் என்று அத்தை அவரோடு பேசுவதையே விட்டிருந்தார். அந்த பிரிண்ட் கடையில் அவருடைய மச்சினன் வேலை பார்த்தான். அண்ணாச்சி மேஜையில் ஒரு சிடியை வைத்தார்.

"மச்சினன் வந்து சொன்னான். மனசு கேக்கல. ஒங்க சாமியெல்லாம் இதுல இருக்கு. கம்பெனி பேரை மட்டும் எடுத்துட்டேன், போட்டுக்கோங்க."

அத்தை அவரையே பார்த்தார். "எங்க பொருளை எங்களுக்கே குடுக்கீகளா அண்ணாச்சி?"

"புதன்கிழமை ராகு காலம் தப்பா போட்டிருந்தீக" என்றார் அவர், தரையைப் பார்த்தபடி. "அதையும் திருத்திட்டேன்."

அத்தைக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. டீ வாங்க என்னை விரட்டினார்.

ஆல்பம் நாள் தவறாமல் வந்தது. அண்ணாச்சி மட்டும் யோக்கியராக இருந்திருந்தால் நாங்கள் நடுத்தெருவில் நின்றிருப்போம். அந்தத் திருட்டுக்கு இன்றைக்கும் மனதாரக் கடமைப்பட்டிருக்கிறேன். அதன் பிறகு வருடாவருடம் டிசைன் முடிந்ததும் ஒரு சிடியை நாங்களே எதிர் அச்சகத்தில் கொடுத்துவிடுகிறோம், அவருக்கும் சிரமம் இல்லாமல்.

என் மகள் பிறந்தபோது ஆஸ்பத்திரியில் எடுத்த முதல் போட்டோவை அத்தையிடம் காட்டினேன். கண்ணில் ஒற்றிக்கொண்டு கேட்டார்:

"அண்ணாச்சிகிட்ட ஒண்ணு குடுத்துட்டியாலே? நீ கம்ப்யூட்டரைத் தொடுறதுக்கு முன்னால குடுத்துரு."