பேச்சிமுத்துவின் பத்து ஏக்கர் கத்தரி

ஒரு சென்ட் நிலம்கூட இல்லாமல் தமிழ்நாட்டிலேயே அதிகம் விவசாயம் பார்த்தவர் எங்கள் போஸ்ட்கார்டு அண்ணாச்சிதான்.

இரண்டாயிரங்களின் தொடக்கத்தில், இருங்காட்டுக்கோட்டையில் ஒரே ரூமில் ஆறு பேர் இருந்தோம். எல்லோரும் தென்மாவட்டம், எல்லோருக்கும் கார் சீட் தைக்கும் வேலை. ஷிப்ட் முடிந்ததும் நாங்கள் படுத்துவிடுவோம். அண்ணாச்சி வானொலியின் வேளாண் நிகழ்ச்சிக்குப் போஸ்ட்கார்டில் கேள்வி எழுதுவார். வாழைக்கு வாடல், ஆட்டுக்குக் கழிச்சல், எதையும் விடமாட்டார். பதில் வரும்போது உட்காரவும் மாட்டார். ரேடியோவைக் காதோடு அணைத்துக்கொண்டு குறுக்கும் நெடுக்கும் நடப்பார். நாங்கள் கால்களை மடக்கிக்கொள்வோம்.

"நெலமே இல்லாம இதெல்லாம் எதுக்கு அண்ணாச்சி?"

"நெலம் இல்லாதவன் கேக்கக் கூடாதுன்னு எங்கல எழுதிருக்கு?"

ஒரே பெயரை அடிக்கடி வாசிக்கமாட்டார்கள் என்று எங்கள் பெயர்களிலும் எழுத ஆரம்பித்தார். ஒரு மாலை வானொலி சொன்னது: "இருங்காட்டுக்கோட்டை பேச்சிமுத்து கேட்கிறார், என் பத்து ஏக்கர் கத்தரியில் தண்டுத்துளைப்பான் விழுந்திருக்கிறது..."

பேச்சிமுத்து நான்தான். அந்த ஊரில் வேறு பேச்சிமுத்து கிடையாது. பக்கத்துக் கிராமமான சேரப்பணஞ்சேரியில் எனக்குப் பெண் நிச்சயமாகியிருந்தது. மறுநாளே பெண்ணின் அப்பா சைக்கிளில் வந்து இறங்கினார்.

"இன்னாபா, கம்பெனி மாப்ளன்னு சொல்ட்டு பத்து ஏக்கர் கத்திரிக்கா வெச்சிகினு கீற? என்னாட்டம் சேத்துல கஷ்டப்படக் கூடாதுன்னுதான் உனுக்குப் பொண்ணு குடுத்தேன். கல்யாணம் வாணாம், வுடு!"

நான் விளக்குவதற்குள் சைக்கிள் தெருமுனை தாண்டிவிட்டது. அன்று ஷிப்டில் தையல் ஊசியை விரலில் ஏற்றிக்கொண்டேன். அண்ணாச்சி லீவு போட்டு, சமாதானம் பேசச் சேரப்பணஞ்சேரிக்கு ஓடினார். சாயங்காலம் முழங்கால்வரை சேற்றோடு திரும்பினார்.

"கல்யாணத்தப் பத்தி என்ன சொன்னாரு?"

"அதக் கேக்க மறந்துட்டேம்ல. அவரு கத்தரிலயும் அதே பூச்சிடே! வாடுன நுனியப் பூரா கிள்ளி எரிச்சிட்டு வந்தேன்."

இரண்டு நாள் அவரோடு நான் பேசவில்லை. மூன்றாம் நாள் பெண்ணின் அப்பா மறுபடி வந்தார்.

"நுனியக் கிள்ளுன்னு ரேடியோல நானுந்தான் கேட்டேன். கேட்டுட்டு குந்திகினு இருந்தேன். இந்த மன்ஷன் வந்து செஞ்சிட்டுப் போறாரு. கார்டு எழுதனது தான்தான்னும் சொல்ட்டாரு. கல்யாணத்துக்கு நாள் பாக்கலாம்பா."

கல்யாணத்தன்று அண்ணாச்சி ஓரிடத்தில் நிற்கவில்லை. வாழை இலைகளில் புள்ளி விழுந்திருக்கிறதா என்று பார்த்துப் பார்த்து, எல்லாப் பந்திக்கும் அவரே பரிமாறினார். அடுத்த மாதமே ஒரகடம் பக்கம் வேறு கம்பெனிக்கு மாறிப் போய்விட்டார்.

கல்யாணத்தன்று அவர் சாப்பிட்டாரா என்று என் மனைவி இன்றும் கேட்கிறாள். எனக்குத் தெரியாது. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.